ஆபரேஷன் ஆனவரைப் பார்க்கப் போகிறீர்களா? முதல் தடவை போகிறவர்களுக்கு

நீங்கள் உள்ளே நுழைந்ததும் படுத்திருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். தலையைத் தூக்கப் பார்ப்பார். விலகிக் கிடக்கும் போர்வையை இழுத்துவிடுவார். "உட்காருங்க, நாற்காலி அங்க இருக்கு" என்பார். வயிற்றில் தையல் போட்டவருக்கு இந்த மூன்றுமே வலி. நீங்கள் வரவில்லை என்றால் அந்த வலி இல்லை. நோயாளி உங்களை உபசரிக்கும் நிலை வராமல் பார்த்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது, எதைக் கண்டால் நர்ஸைக் கூப்பிட வேண்டும் என்று தெரிந்துவைத்திருப்பது.

கிளம்பும் முன்

நோயாளிக்கு நேராகப் போன் போட வேண்டாம். எட்டி எடுக்க வேண்டியது அவர்தான். கூட இருப்பவரைக் கேளுங்கள்: இன்று ஆள் வருவதை அவர் விரும்புகிறாரா, வார்டில் எந்த நேரத்தில் விடுகிறார்கள், வேறு யார் யார் வருகிறார்கள். "இன்னிக்கு வேண்டாமே" என்று பதில் வந்தால் முகம் வாட வேண்டியதில்லை. குமட்டலோடும் யூரின் பேக்கோடும் படுத்திருக்கும்போது ஆள் வருவதை யார்தான் விரும்புவார்கள்?

ஆபரேஷன் நடந்த அன்று மிக நெருங்கிய ஒருவர், இருவர் போதும். மயக்கம் தெளிந்து பேசினாலும் பேசியது மனதில் நிற்காது. ஐந்து நிமிடம் முன்பு கேட்டதையே மறுபடி கேட்பார். முழு மயக்க மருந்து கொடுத்திருந்தால் குறைந்தது 24 மணி நேரத்துக்குக் கையெழுத்து, பணம், முக்கிய முடிவு எதையும் அவரிடம் கொண்டுபோகாதீர்கள். தொண்டை கரகரப்பாக இருக்கும். சுவாசக் குழாய் போட்டு எடுத்ததால் வருவது, ஓரிரு நாளில் அடங்கும். வயிற்றில் லேப்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) செய்தவர்கள் "தோள்பட்டை ஏன் வலிக்குது?" என்று கேட்பார்கள். உள்ளே செலுத்திய வாயு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானத் தசையை உறுத்துவதால் வரும் வலி அது. ஆனாலும் நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் நாள் தேறியிருப்பார் என்று நினைத்துப் போகிறவர்கள் ஏமாறுவதுண்டு. தியேட்டரில் போட்ட மரத்துப்போகும் ஊசி அதற்குள் விட்டிருக்கும், இரவில் தூக்கமும் இருந்திருக்காது. தூரத்துச் சொந்தங்களும் நண்பர்களும் மூன்று நான்கு நாள் பொறுத்துப் போவது நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது.

டாக்டர் ரவுண்ட்ஸ், டிரெஸ்ஸிங் மாற்றுவது, நர்ஸ்கள் ஷிஃப்ட் மாறுவது, மதியத் தூக்கம் ஆகிய நேரங்களைத் தவிர்த்துவிடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் அடுத்தவரிடம் ஒப்படைக்கிறார்கள். நடுவில் போய்க் கேள்வி கேட்டால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஒரு தடவைக்கு இருவர், பதினைந்து இருபது நிமிடம். இதற்கு மேல் வேண்டுமா என்பதை நோயாளி சொல்லட்டும்.

உங்களுக்குச் சளி, இருமல், காய்ச்சல், கண்வலி, தோலில் சீழ்க்கட்டி எது இருந்தாலும் போகாதீர்கள். வாந்தியோ பேதியோ இருந்திருந்தால், கடைசியாகப் போனதிலிருந்து 48 மணி நேரம் கடந்திருக்க வேண்டும். "எனக்கு லேசாத்தான் இருக்கு" என்பது உங்கள் கணக்கு. புதுத் தையலோடு இருப்பவர் இருமினாலே கண்ணில் நீர் வரும். அவருக்குச் சளி பிடித்தால் நாள் முழுக்க இருமியாக வேண்டும்.

கையில் எதைக் கொண்டுபோவது? பெரும்பாலும் தேவைப்படுபவை சின்னச் சாமான்கள்: மூக்குக் கண்ணாடி, காது மிஷின், அதற்கு பேட்டரி, பல்செட்டும் அதை வைக்க டப்பாவும், நீளமான வயருள்ள சார்ஜர், முன்பக்கம் திறக்கும் சட்டை, குதிகாலைப் பிடித்துக்கொள்ளும் வழுக்காத செருப்பு. பூங்கொத்தை ஐசியூவிலும் மாற்று உறுப்பு வைத்தவர்கள் வார்டிலும் பெரும்பாலும் விடமாட்டார்கள். ஜாடித் தண்ணீரில் கிருமி வளரும். ரப்பர் பலூனும் வேண்டாம், லேடெக்ஸ் ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு. சென்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மயக்க மருந்துக்குப் பிறகு வரும் குமட்டலைக் கிளப்ப ஒரு வாசனை போதும்.

கை

வாசலில் தொங்கும் சானிடைசரை இரண்டு சொட்டுத் தொட்டு, துணியில் துடைத்துக்கொண்டு போவது கை சுத்தம் செய்ததாகாது. உள்ளங்கைக் குழி நிறைய எடுத்து, தானாகக் காயும்வரை 20 முதல் 30 விநாடி தேய்க்க வேண்டும். சோப்பும் தண்ணீரும் என்றால் மொத்தம் 40 முதல் 60 விநாடி. எல்லோரும் விட்டுவிடும் இடங்கள் கட்டைவிரல், விரல் நுனி, விரலிடுக்கு, மோதிரத்துக்கு அடி. மோதிரத்தைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுவது எளிது.

நோயாளிக்கோ பக்கத்துப் படுக்கைக்காரருக்கோ பேதி இருந்தால் சானிடைசரை நம்பக் கூடாது. மருத்துவமனைகளில் பேதியைப் பரப்பும் கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில் கிருமியின் வித்துகளை ஆல்கஹால் கொல்வதில்லை. சோப்புப் போட்டுக் கழுவித்தான் போக்க வேண்டும்.

உள்ளே போகும்போது ஒரு தடவை, வெளியே வரும்போது ஒரு தடவை. நடுவில் கட்டில் கம்பி, யூரின் பேக், திரைச்சீலை எதைத் தொட்டாலும் நோயாளியைத் தொடும் முன் இன்னொரு தடவை. கை சுத்தம் செய்துவிட்டுப் போனை எடுத்துப் பார்த்தீர்களா? மறுபடி முதலிலிருந்து. 1847இல் வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணப் பரிசோதனை முடித்து நேராகப் பிரசவ வார்டுக்கு வந்த டாக்டர்களைக் குளோரின் கரைசலில் கை கழுவச் சொன்னார். தாய்மார்களின் சாவு சட்டென்று குறைந்தது. டாக்டர்களுக்கே அப்போது அது பிடிக்கவில்லை. ஆகவே வார்டு வாசலில் நர்ஸ் உங்களை நிறுத்திக் கையைக் காட்டச் சொன்னால் கோபப்படாதீர்கள்.

தனி அறையில் கவுனும் கிளவுஸும் போடச் சொன்னால், கழற்றும் வரிசைதான் முக்கியம். வெளிப்பக்கம் அழுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கிளவுஸ், பிறகு கவுனை உள்பக்கம் வெளியே வரும்படி சுருட்டி, பிறகு கை சுத்தம். மாஸ்க்கை அறைக்கு வெளியே வந்து கடைசியாக, காதுப் பட்டையைப் பிடித்துக் கழற்றிவிட்டு மறுபடியும் கை.

எங்கே உட்காருவது

கட்டிலில் உட்காராதீர்கள், சாயாதீர்கள், காலால் தட்டாதீர்கள். மெத்தை ஒரு விரல் அளவு அமுங்கினாலும் தையல் இழுக்கும். நாற்காலியை நீங்களே எடுத்து, அவர் கழுத்தைத் திருப்பாமலே உங்கள் முகம் தெரியும் இடத்தில் போடுங்கள். தலைமாட்டில் நின்றும் வாசலில் நின்றும் பேசக் கூடாது. இதெல்லாம் புதுக் கண்டுபிடிப்பில்லை. நர்ஸ் வேலைக்கே வழிகாட்டியான ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859லேயே நோயாளியின் கட்டிலைத் தொடாதே, அவர் பார்வைக்குள் உட்கார் என்று எழுதிவிட்டார். வெறும் ஆறுதலும் அறிவுரையும் சொல்லும் விருந்தாளிகளைத் திட்டுவதற்கென்றே ஒரு தனி அத்தியாயம் வைத்திருந்தார்.

ஜன்னல் இருந்தால் அதை மறைத்துக்கொண்டு உட்கார வேண்டாம். ரோஜர் உல்ரிக் என்ற ஆய்வாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரில் ஜன்னல் வழியே மரம் தெரிந்த 23 பேர், செங்கல் சுவர் மட்டும் தெரிந்த 23 பேரைவிடச் சீக்கிரம் வீடு போனார்கள், வீரியமான வலி மருந்தையும் குறைவாகவே எடுத்தார்கள். சின்ன ஆய்வுதான். திரையை விலக்க என்ன செலவு?

குழாய்கள்

எதையும் நகர்த்தும் முன் ஒவ்வொரு குழாயையும் உடம்பிலிருந்து அதன் முனை வரை கண்ணால் பின்தொடருங்கள். போர்வையைச் சரிசெய்யப் போய் டிரெயினை (காயத்தில் தேங்குவதை வெளியே எடுக்கும் குழாயை) இழுத்துவிடுவது இந்தப் பார்வை இல்லாததால்தான்.

டிரிப்ஸ் மிஷின் கத்தினால் பெரும்பாலும் முழங்கை மடங்கியிருக்கும். கையை நீட்டச் சொல்லலாம். நிற்கவில்லை என்றால் நர்ஸ். பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்துவது உங்கள் வேலை இல்லை. டியூபில் இருக்கும் சக்கரத்தை உருட்டி "சீக்கிரம் ஏறட்டும்" என்று வேகப்படுத்துவது நிஜமாகவே ஆபத்து. சில மருந்துகள் வேகமாக ஏறினால் இதயத் துடிப்பு தடுமாறும். ஊசி குத்திய இடம் வீங்கியோ, குளிர்ந்தோ, எரிந்தோ இருந்தால் மருந்து ரத்தக் குழாயை விட்டுச் சதைக்குள் போகிறது என்று அர்த்தம். ரத்தம் டியூபில் பின்னோக்கி ஏறினால் பாட்டில் காலியாகியிருக்கலாம், கை மேலே தூக்கியிருக்கலாம். எல்லாவற்றுக்கும் பதில் காலிங் பெல்.

யூரின் பேக் எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாக, தரையில் படாமல் தொங்க வேண்டும். வீல்சேரில் போகும்போது அதை மடியில் வைப்பதுதான் வழக்கமான தப்பு. பேக்கில் இருந்தது உள்ளே திரும்பினால் கிருமியும் கூடப் போகும். டியூப் போட்டிருந்தும் "ஒன்னுக்கு வருது" என்று சொன்னால், உள்ளே இருக்கும் சின்ன பலூன் உறுத்துகிறது என்பது ஒரு காரணம். டியூப் அவர் தொடைக்கு அடியில் மாட்டி மடங்கியிருப்பது இன்னொன்று. பேக்கில் எதுவும் இறங்காமல் அடிவயிறு கல்லாக இருந்தால் காத்திருக்க வேண்டாம்.

காயத்திலிருந்து வரும் டிரெயினில் பந்து போன்ற குடுவை இருந்தால் அது அமுங்கியே இருக்க வேண்டும். அந்த அமுக்கத்தில்தான் உள்ளே தேங்குவதை உறிஞ்சுகிறது. உப்பியிருந்தால் உறிஞ்சவில்லை. நீங்கள் மூடியைத் திறக்காமல் நர்ஸிடம் சொல்லுங்கள். நெஞ்சில் போட்ட குழாய் என்றால் கீழே இருக்கும் பாட்டில் நிமிர்ந்து, நெஞ்சுக்குத் தாழ்வாக இருக்க வேண்டும். குழாயில் தண்ணீர் மூச்சோடு ஏறி இறங்குவது சரியான விஷயமே. பாட்டில் கவிழ்ந்தாலோ குழாய் கழன்றாலோ குரல் கொடுத்துக் கூப்பிடுங்கள்.

ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் "பேசிட்டுப் போட்டுக்கலாம்" என்று கழற்ற வேண்டாம். பக்கத்தில் நெருப்பு கூடாது. உதடு காய்ந்திருந்தால் பெட்ரோலியம் ஜெல்லி தடவாமல் தண்ணீரில் ஆன களிம்பு உண்டா என்று கேளுங்கள். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்ட விரலில் கவ்வியிருக்கும் கிளிப்பில் எண் திடீரென இறங்கினால் முதலில் அவர் முகத்தைப் பாருங்கள். விரல் சில்லென்று இருந்தாலும் நகப்பூச்சு இருந்தாலும் தப்பான எண் காட்டும். ஆனால் மூச்சு வாங்கினால் எண் என்ன காட்டினாலும் பெல் அடிக்க வேண்டியதுதான்.

வலி

"வலிக்குதா?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்பார். "இருமினா எவ்வளவு வலிக்குது, பத்துக்கு எத்தனை?" என்று கேளுங்கள். அசையாமல் கிடக்கும்போது இரண்டு சொல்பவர் இருமும்போது எட்டு சொல்வார். நர்ஸுக்குத் தேவையான எண் அந்த எட்டுதான். "கொஞ்சம் தாங்கிக்கோ" என்பது நல்ல அறிவுரை இல்லை. வலிக்குப் பயந்து ஆழமாக மூச்சு விடாமல், இருமாமல் படுத்திருப்பவரின் நுரையீரலில் சளி தேங்கும், நிமோனியா வரக்கூடும். வலி உச்சிக்குப் போன பிறகு மருந்து கேட்பதைவிட, ஏறத் தொடங்கும்போதே கேட்பது நல்லது.

சிலருக்குக் கையில் ஒரு பட்டன் கொடுத்திருப்பார்கள். அழுத்தினால் ஓர் அளவு வலி மருந்து ஏறும். அதை நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும். தூங்கும்போது முனகுகிறாரே என்று மகளோ மனைவியோ அழுத்திவிடுவது அன்பினால் நடக்கும் விபத்து. மருந்து அதிகமானால் தூக்கம் வரும், தூங்குபவர் பட்டனை அழுத்தமாட்டார். அந்தக் கருவியில் இருக்கும் பெரிய பாதுகாப்பே அதுதான். நீங்கள் அழுத்தினால் பாதுகாப்பு போச்சு, மூச்சு மெல்ல மெல்லக் குறையும். பெரியவர் ஒருவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுவார். ஒரு முழு நிமிடம் நெஞ்சைப் பார்த்து எண்ணுங்கள். பத்துக்குக் கீழே இருந்து, தோளைத் தட்டியும் சரியாக எழவில்லை என்றால் உடனே ஆளைக் கூப்பிடுங்கள்.

வீட்டிலிருந்து மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கவே கூடாது. பாராசிட்டமால் பல பெயர்களில் வருகிறது. அங்கே டிரிப்ஸில் ஏறிக்கொண்டிருக்கும் அதே மருந்தை நீங்கள் வாய்வழியாக இன்னொரு பங்கு கொடுத்தால் கல்லீரல் கெடக்கூடும்.

ஒரு வாய் தண்ணீர்

கெஞ்சிக் கேட்பார். மனசு கேட்காது. ஆனாலும் நர்ஸைக் கேட்காமல் ஒரு சொட்டும் கொடுக்காதீர்கள். மயக்கம் முழுதாகத் தெளியாதவருக்கு விழுங்கும் கட்டுப்பாடு குறைவு, தண்ணீர் நுரையீரலுக்குள் போய்விடும். குடலில் ஆபரேஷன் ஆனவருக்குக் குடல் அசையத் தொடங்கும் முன் கொடுத்தால் வயிறு உப்பி வாந்தி வரலாம். வாந்தியில் தையல் இழுபடும். "காத்துப் பிரிஞ்சுதா?" என்று டாக்டர் தினமும் கேட்பது குடல் விழித்துவிட்டதா என்று அறியத்தான். அதுவரை ஈரப் பஞ்சால் உதட்டையும் நாக்கையும் துடைத்துவிடலாம், அதையும் கேட்டுவிட்டு.

குடிக்க அனுமதி வந்த பிறகு தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, நிமிர்ந்து உட்காரவைத்து, சின்ன மடக்காகக் கொடுங்கள். படுத்தபடி கொடுக்காதீர்கள். எவ்வளவு குடித்தார் என்பதை மில்லியில் நர்ஸிடம் சொல்லுங்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் கணக்கு எழுதுகிறார்கள். நீங்கள் ரகசியமாகக் கொடுத்த 200 மில்லி அந்தக் கணக்கைப் பொய்யாக்கும்.

உண்மையில் உதவும் இடம்

குழாயும் மூன்று பந்தும் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியைக் கொடுத்திருப்பார்கள், அது மேஜையில் தூசி படிந்து கிடக்கும். பார்க்க வருகிறவர் செய்யக்கூடிய பெரிய உதவி அதை எடுத்துக் கையில் கொடுப்பதுதான். நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை முழுதாக வெளியே விட்டு, வாயால் குழாயை இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளே இழுத்து, மூன்று முதல் ஐந்து விநாடி நிறுத்தி, விட வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து தடவை. பலர் இதை ஊதுகிறார்கள். ஊதினால் ஒரு பயனும் இல்லை. மூன்று பந்தையும் ஒரே வேகத்தில் மேலே அடிப்பதும் சாதனை இல்லை, எழும்பிய பந்தை மேலேயே நிறுத்துவதுதான் பயிற்சி. தலை சுற்றினால் நடுவில் ஓய்வு.

இருமல் வந்தால் தலையணையைத் தையல் மேல் வைத்து இரு கையாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு இருமச் சொல்லுங்கள். பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவது இன்னொன்று. கெண்டைக்கால் ரத்தத்தை மேலே தள்ளும், ரத்தம் கட்டிபிடிக்கும் வாய்ப்பு குறையும். ஆனால் ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தால் பிடித்துவிடாதீர்கள். உள்ளே ரத்தக் கட்டி இருந்தால், அமுக்குவதில் கழன்று நுரையீரலுக்குப் போகக்கூடும்.

முதல் தடவை எழுப்பி உட்காரவைப்பது நர்ஸ் அல்லது பிசியோதெரபிஸ்ட் கூட இருக்கும்போது மட்டும். அடுத்தடுத்த தடவை, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு, இந்த வரிசையில்:

1. கட்டில் சக்கரப் பூட்டு போட்டிருக்கிறதா பாருங்கள். கட்டிலைத் தாழ்த்துங்கள். குழாய்களை எல்லாம் இறங்கும் பக்கத்துக்குக் கொண்டுவாருங்கள். செருப்பை மாட்டிவிடுங்கள்.
2. நேராக எழுப்பாமல் முதலில் ஒருக்களித்துப் படுக்கவைத்து, காலைத் தொங்கவிட்டு, முழங்கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். வயிற்றுத் தையலுக்கு இழுப்பு குறையும்.
3. கட்டில் ஓரத்தில் இரண்டு மூன்று நிமிடம் உட்காரட்டும். படுத்தே இருந்தவருக்கு எழுந்ததும் ரத்த அழுத்தம் சரியும். முகம் வெளுத்து வியர்த்தால் மறுபடி படுக்கவையுங்கள்.
4. நிற்கும்போது நீங்கள் ஒரு பக்கம், டிரிப்ஸ் கம்பி மறுபக்கம். கால் தளர்ந்தால் தூக்கி நிறுத்தப் பார்க்காதீர்கள். உங்கள் உடம்போடு சரியவிட்டு, தலை அடிபடாமல் தரையில் உட்காரவைத்து, ஆளைக் கூப்பிடுங்கள்.

மார்பெலும்பைப் பிளந்து இதய ஆபரேஷன் ஆனவரைக் கையைப் பிடித்து இழுத்து எழுப்பக் கூடாது, எலும்பு கூடவில்லை. இடுப்பு மூட்டு மாற்றியவரிடம் காலைக் குறுக்கே போடலாமா, எவ்வளவு குனியலாம் என்பதை முதலில் பிசியோதெரபிஸ்டிடம் கேளுங்கள். ஆபரேஷன் செய்த முறையைப் பொறுத்து மாறும்.

பேச்சு

ஆபரேஷன் எப்படி நடந்தது என்று முழுக்கதையும் கேட்காதீர்கள். காலையிலிருந்து ஆறு பேருக்குச் சொல்லியிருப்பார். இதே ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொருவருக்கு என்ன ஆனது என்ற கதையும் வேண்டாம், அது நல்ல முடிவாக இருந்தாலும். பில் எவ்வளவு என்ற கேள்வியை வார்டுக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். சிரிக்கவைக்கவும் முயலாதீர்கள்; வயிற்றில் தையல் இருப்பவருக்குச் சிரிப்பு ஒரு தண்டனை.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்பதற்கு யாரும் பதில் சொல்வதில்லை. "சார்ஜர் போடட்டுமா?", "நாளைக்குப் பிள்ளைகளை ஸ்கூலில் நான் விட்டுடவா?" என்றால் ஆம், இல்லை என்று வரும். பேசாமல் உட்கார்ந்திருப்பதும் வருகைதான். கண்ணை மூடினால் பேச்சை நிறுத்திவிடுங்கள். போட்டோ எடுக்காதீர்கள், அவர் சரி என்றாலும், பின்னால் பக்கத்துப் படுக்கைக்காரரும் விழுவார்.

வயதானவர் மாற்றிப் பேசினால்

ஆபரேஷனுக்குப் பிந்திய முதல் சில நாட்களில், முக்கியமாகச் சாயங்காலம் மேல், வயதானவர்கள் இடம் தெரியாமல், நாள் தெரியாமல் பேசுவதுண்டு. சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், டிரிப்ஸைப் பிடுங்கப் பார்ப்பார், காலையில் தெளிவாக இருப்பார். புத்தி பேதலித்துவிட்டது என்று குடும்பமே கலங்கும். இது மனக்குழப்ப நிலை, பெரும்பாலும் சரியாகும். ஆனால் பின்னால் கிருமித் தொற்று, சிறுநீர் அடைப்பு, உப்புக் குறைவு, மருந்து என்று ஒரு காரணம் இருக்கக்கூடும் என்பதால் அன்றே சொல்ல வேண்டும். கத்துபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சத்தமே இல்லாமல், கூப்பிட்டால் மந்தமாகக் கண் திறந்து மூடுகிறவரைத்தான் "பாவம், அசதி" என்று விட்டுவிடுவார்கள். அவரும் இதே வகைதான். "எங்க அப்பா இப்படி இருக்கிற ஆளே இல்லை" என்று நர்ஸிடம் உங்களால்தான் சொல்ல முடியும். அவர்கள் அவரை நேற்றுத்தான் பார்த்தார்கள்.

வாதாடாதீர்கள். "அப்பா, எனக்கு அந்தப் பூச்சி தெரியல. நான் பக்கத்துலயேதான் இருக்கேன். இது ஆஸ்பத்திரி, இன்னிக்குச் செவ்வாய்க்கிழமை, உங்க இடுப்பு ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருச்சு." இவ்வளவு போதும், எத்தனை தடவை கேட்டாலும் இதையே சொல்லுங்கள். கண்ணாடியையும் காது மிஷினையும் மாட்டிவிடுங்கள். சரியாகத் தெரியாததும் கேட்காததும் குழப்பத்தைக் கூட்டும். பகலில் வெளிச்சம், இரவில் இருட்டு, கண்ணுக்கு நேரே ஒரு கடிகாரம்.

ஐசியூ

உள்ளே போகும் முன் நர்ஸிடம் "என்ன பார்க்கப் போறேன்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முகம் வீங்கியிருக்கலாம். குழாயைப் பிடுங்காமலிருக்கக் கையைத் தளர்வாகக் கட்டியிருக்கலாம். வென்டிலேட்டர் (மூச்சு விடவைக்கும் கருவி) குழாய் குரல்வளை வழியே போவதால் அவரால் பேச முடியாது, கேட்க முடியலாம். கண் மூடியிருந்தாலும் உங்கள் பெயரைச் சொல்லி, கையைத் தொட்டு, இயல்பாகப் பேசுங்கள். விழித்திருந்தால் ஆம், இல்லை என்று முடியும் கேள்வி மட்டும்: "வலிக்குதுன்னா என் கையை ஒரு தடவை அமுக்குங்க." அவர் தலைக்கு மேல் நின்று, அவரைப் பற்றி மற்றவரிடம் பேசாதீர்கள். மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தால் உங்களுக்குப் பயம்தான் மிஞ்சும்.

குழந்தைகளைக் கூட்டிப்போக மருத்துவமனை அனுமதித்தால், குழாய்களைப் பற்றி முன்பே சொல்லி, பத்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்காமல், கூடவே ஒரு பெரியவர் வெளியே கூட்டிவரத் தயாராக இருக்க வேண்டும். வரமாட்டேன் என்கிற பிள்ளையை இழுக்காதீர்கள்.

காத்திருக்கக் கூடாதவை

டிரெஸ்ஸிங் ரத்தத்தில் நனைந்து பரவுவது. டிரெயினில் திடீரென்று செக்கச்செவேல் என்று ரத்தம் நிறைவது. மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, உதடு நீலமாவது. கழுத்தில் ஆபரேஷன் ஆனவருக்குக் கழுத்து வீங்கிக் குரல் மாறுவது. வயிறு பலகை மாதிரி இறுகுவது. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சலோ குளிர் நடுக்கமோ. யூரின் டியூபை எடுத்த பிறகு ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது. பெல் அடித்து ஆள் வரவில்லை என்றால் நர்ஸ் மேஜைக்கே போய், "மூணாம் நம்பர் பெட், பத்து நிமிஷமா மூச்சு வாங்குது" என்று படுக்கை எண், என்ன, எப்போதிலிருந்து என்ற மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள்.

டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றைக் குடும்பத்தில் ஒருவரே, எழுதிவைத்துக் கேட்கட்டும். ஐந்து பேர் தனித்தனியாகக் கேட்டால் ஐந்து விதமாகப் புரிந்துகொண்டு வராந்தாவில் சண்டை போடுவார்கள்.

வெளியே வரும் முன்

கட்டிலைத் தாழ்த்தினீர்களா, பூட்டு விழுந்திருக்கிறதா. நீங்கள் இறக்கிய கம்பியைப் பழையபடி ஏற்றினீர்களா. காலிங் பெல், கண்ணாடி, போன், குடிக்க அனுமதி இருந்தால் தண்ணீர், நான்கும் அவர் கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்கின்றனவா. டிரிப்ஸ் ஏறும் கையின் பக்கம் வைத்தால் எட்டாத மாதிரிதான். நாற்காலியை நடைவழியிலிருந்து நகர்த்துங்கள், இரவில் பாத்ரூம் போகிறவர் இடறுவார். "வாசல் வரை வரேன்" என்று அவர் எழப் பார்த்தால் தோளில் கை வைத்து நிறுத்துங்கள். அடுத்து எப்போது வருவீர்கள் என்பதை, நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும், நேரத்தோடு சொல்லுங்கள். பிறகு வாசலில் சானிடைசர், காயும்வரை.